கும்பிட வைப்பது எது?

பகவத் கீதையின் ஏழாம் அத்தியாயம் கடவுளை நாடி வருபவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: துன்பத்தில் சிக்கியவர், அறிய விரும்புபவர், பொருள் வேண்டுபவர், ஞானி. பக்திக்குக் காரணம் ஒன்றல்ல என்பதை ஒரு சமய நூலே இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளாகச் சமயத்தின் வேரைத் தோண்டிப் பார்த்தவர்களில் பலர் இந்த விரிவைக் காட்டவில்லை. அச்சமே காரணம் என்றார் ஒருவர். அறியாமை என்றார் இன்னொருவர். சுரண்டல் என்றார் மூன்றாமவர். ஒவ்வொருவரும் கண்டதில் உண்மை இருந்தது. கண்டதையே முழு உண்மையாக அவர்கள் கொண்டதில்தான் கோளாறு.

கீதையின் பட்டியலிலும் ஒரு குறை உண்டு. அதில் வரும் நால்வரும் தாமே முடிவுசெய்து வருகிறார்கள். நடப்பில் பெரும்பாலோர் அப்படி வருவதில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு போன தாயோடு வந்தவர்கள், பாதயாத்திரை கிளம்பிய தெருக்காரர்களோடு சேர்ந்து வந்தவர்கள், ஊர் கொடுக்காத மரியாதையை வேறொரு சன்னிதியில் தேடி வந்தவர்கள் என்று அந்தப் பட்டியலில் இடம்பெறாதவர்களே அதிகம். தத்துவம், மானிடவியல், சமூகவியல், உளவியல், பொருளியல் ஆகிய துறைகள் இந்தக் கேள்விக்குத் தந்த விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சமும் நிச்சயமின்மையும்

ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட 'சமயத்தின் இயற்கை வரலாறு' என்ற நூல், இந்தக் கேள்வியை இறையியலிலிருந்து பிரித்தெடுத்துத் தனியாக ஆராய்ந்த முன்னோடி நூல்களில் ஒன்று. இயற்கையின் ஒழுங்கைக் கண்டு வியந்து மனிதன் வணங்கத் தொடங்கவில்லை. நோய், சாவு, பஞ்சம், நாளைய பாடு பற்றிய கவலையிலிருந்தே வணங்கத் தொடங்கினான் என்பது அவர் வாதம். சிக்மண்ட் ஃப்ராய்டு 1927இல் இதையே வேறு வழியில் சொன்னார். கையறு நிலையில் குழந்தை தகப்பனைத் தேடுவதுபோல, வளர்ந்த மனிதன் வானத்தில் ஒரு தகப்பனைத் தேடுகிறான் என்றார்.

இருவரும் மேசையிலிருந்து எழுதியவர்கள். கடலுக்குப் போய்ப் பார்த்தவர் மானிடவியலாளர் பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிராப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த அவர் ஒன்றைக் கவனித்தார். அலையடிக்காத உட்கழியில் மீன் பிடிக்கும்போது அந்த மக்கள் எந்த மந்திரச் சடங்கும் செய்வதில்லை. அங்கே ஆபத்தும் இல்லை, கிடைக்கும் மீனும் உறுதி. திறந்த கடலுக்குப் போகும்போதோ சடங்குகள் விரிவாக நடந்தன. திறமையின் எல்லை முடிந்து விதியின் எல்லை தொடங்கும் இடத்தில் சடங்கு தொடங்குகிறது என்று அவர் முடிவுகட்டினார்.

இந்தக் கருத்துக்கு அண்மைக் காலத்தில் வலுவான சான்று கிடைத்திருக்கிறது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை 2011 பிப்ரவரி 22 அன்று நிலநடுக்கம் தாக்கி 185 பேர் இறந்தனர். அந்த நாட்டில் அதே ஆட்களிடம் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கும் நெடுங்கால ஆய்வு 2009லிருந்தே நடந்துவந்தது. ஆகவே ஒரே மனிதரின் நிலநடுக்கத்துக்கு முந்தைய விடையையும் பிந்தைய விடையையும் ஒப்பிட முடிந்தது. நாட்டின் மற்ற இடங்களில் சமயப் பற்று குறைந்துவந்த அதே காலத்தில், பாதிக்கப்பட்டவர்களிடையே மட்டும் அது கூடியிருந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜேனட் பென்ட்சன் உலகின் பல பகுதிகளை ஒப்பிட்டு, நிலநடுக்கம் கண்ட வட்டாரங்களில் சமயப் பற்று உயர்வதைக் காட்டினார். நிலநடுக்கம் அரிதாக வரும் இடங்களில், அதாவது யாரும் எதிர்பாராத இடங்களில், விளைவு இன்னும் பெரிதாக இருந்தது.

தமிழர் வாழ்வில் இதன் கொடிய வடிவத்தைப் போர்க்கால மட்டக்களப்பில் பார்க்கலாம். அமெரிக்க மானிடவியலாளர் பெட்ரீஷியா லாரன்ஸ் 1990களில் அங்கே அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்லும் பெண்களோடு பழகி ஆராய்ந்தார். பிடித்துச் செல்லப்பட்ட மகன் உயிரோடு இருக்கிறானா என்று முகாமிலும் காவல் நிலையத்திலும் கேட்டுப் பதில் கிடைக்காத தாய்மார்கள், அம்மன் முன்னால் வந்து கேட்டார்கள். வாய்விட்டு அழவும் நடந்ததைப் பேசவும் அவர்களுக்குக் கிடைத்த இடம் அது. அரசு மௌனம் காத்த இடத்தில் தெய்வம் பேசியது.

ஆனாலும் அச்சக் கோட்பாட்டுக்கு மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, அச்சத்தைச் சமயம் தணிப்பது மட்டுமில்லை; உண்டாக்கவும் செய்கிறது. நரகம், தெய்வ குற்றம், நேர்ந்த கடனைச் செலுத்தாத பயம் இவையெல்லாம் சமயம் கொடுத்தவை. மாலினோவ்ஸ்கிக்கு மறுப்பாக ராட்கிளிஃப்-பிரவுன் 1939லேயே இதை எடுத்துக்காட்டினார். இரண்டாவது, கிறைஸ்ட்சர்ச் ஆய்வின் மற்றொரு முடிவு. புதிதாக நம்பிக்கைக்கு வந்தவர்கள் தங்கள் உடல்நலத்தை முன்னைவிட மேலாக மதிப்பிடவில்லை. இருந்த நம்பிக்கையை இழந்தவர்களோ கூடுதலாக நொடிந்துபோனார்கள். ஆறுதல் தேடி வந்தவருக்கு ஆறுதல் கிடைத்தே தீரும் என்று சொல்வதற்கில்லை. மூன்றாவது, பயந்தவர் எல்லோரும் கோயிலுக்குப் போவதில்லை. சிலர் மருத்துவரிடம், சிலர் சோதிடரிடம், சிலர் மதுக்கடைக்குப் போகிறார்கள். எந்த வாசலைத் தட்டுவது என்பதை அச்சம் தீர்மானிப்பதில்லை.

காரணம் கேட்கும் மனம்

அச்சம் இல்லாத நேரத்திலும் மனிதன் தெய்வங்களை எண்ணுகிறான். இதற்கு விடை தேடியவர்கள் மனத்தின் வேலை முறையைப் பார்த்தார்கள். எட்வர்ட் டைலர் 1871இல் வெளியிட்ட நூலில், கனவையும் சாவையும் விளக்க முயன்ற ஆதி மனிதன் உயிர் என்ற கருத்துக்கு வந்தான், அதிலிருந்தே ஆவிகளும் தெய்வங்களும் பிறந்தன என்றார். ஆதி மனிதனை அரைகுறை விஞ்ஞானியாகக் காட்டும் இந்த விளக்கம் இன்று மங்கிவிட்டது. ஆனால் 'ஏன்' என்ற கேள்வியை அவர் கையிலெடுத்தது வீண்போகவில்லை.

அந்தக் கேள்வியின் உண்மையான உருவத்தை மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட் 1937இல் வெளியிட்ட அசாண்டே மக்கள் பற்றிய நூலில் காணலாம். நடு ஆப்பிரிக்காவில் வாழும் அந்த மக்கள் தானியக் களஞ்சியத்தைக் கால்கள் நட்டு உயர்த்திக் கட்டுவார்கள். வெயிலுக்கு ஒதுங்கி அதன் நிழலில் சிலர் உட்கார்ந்திருக்கும்போது களஞ்சியம் சரிந்து விழுகிறது. கரையான் கால்களை அரித்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். அதை யாரும் மறுப்பதில்லை. இந்த ஆட்கள் உட்கார்ந்த இந்த நேரத்தில் ஏன் விழுந்தது என்பதே அவர்கள் கேள்வி. அதற்கு விடையாகவே சூனியம் வருகிறது. நம் வீடுகளில் ஏழரைச் சனியும் கண் திருஷ்டியும் செய்யும் வேலை இதுதான். மாரடைப்புக்குக் கொழுப்பு காரணம் என்று படித்த குடும்பத்துக்கும் தெரியும். மகளின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஏன் வந்தது என்பதற்கு இருதய மருத்துவரிடம் விடை இல்லை.

நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் ஒரு நோக்கத்தைத் தேடும் இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை உளவியலாளர்கள் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியன் சிம்மல் இருவரும் 1944இல் காட்டினார்கள். இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் திரையில் அங்குமிங்கும் நகரும் குறும்படம் ஒன்றை 34 பேருக்குக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாகச் சொன்னார். மற்றவர்கள் சண்டையையும் துரத்தலையும் கண்டார்கள். மேகத்தில் முகத்தையும் புதரின் சலசலப்பில் விலங்கையும் காணும் மனத்துக்குத் தெய்வத்தைக் காண்பது எளிது என்று ஸ்டூவர்ட் கத்ரி 1993இல் எழுதினார். புதரில் ஒன்றும் இல்லாதபோது பயந்து ஓடினால் நட்டம் கொஞ்சம்; புலி இருக்கும்போது ஓடாவிட்டால் உயிரே போகும். எனவே இந்த மிகை எச்சரிக்கை பரிணாமத்தில் தங்கிவிட்டது என்பது இப்பள்ளியின் வாதம்.

பாஸ்கல் பாயர் 2001இல் இன்னொரு படி சென்றார். எல்லா விசித்திரக் கற்பனைகளும் சமயமாவதில்லை. புதன்கிழமை மட்டும் இருக்கும் கடவுளை எந்த ஊரும் கும்பிடுவதில்லை. எல்லா வகையிலும் மரமாகவே இருந்து, வேண்டுதலை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளும் வேப்பமரம் ஊருக்கு ஊர் இருக்கிறது. பழக்கமான ஒரு பொருளில் ஒரே ஒரு விதியை மீறும் கருத்தே நினைவில் நிற்கிறது, வாய்வழி பரவுகிறது என்பது அவர் கண்டறிந்தது.

தெய்வக் கருத்து ஏன் எல்லா ஊரிலும் முளைக்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம். பக்திக்கு விளக்கம் ஆகாது. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக் கதை சொன்ன வேதாளமும் நினைவில் நிற்கும் கருத்துதான். அந்தக் கதையைக் கேட்டவர் யாரும் அதற்குப் பொங்கல் வைக்கப் புறப்படுவதில்லை. கற்பனை எப்போது வழிபாடாகிறது என்பதற்கு மனத்துக்கு வெளியே போய்த்தான் விடை தேட வேண்டும்.

வறுமையும் காப்பும்

கார்ல் மார்க்ஸ் 1844இல் வெளியான கட்டுரையில் சமயத்தை அபினுடன் ஒப்பிட்டது ஊரறிந்த செய்தி. அதே பத்தியில், உண்மையான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிர்ப்பாகவும் சமயத்தை அவர் பார்த்தார் என்பதை மேடைகள் அதிகம் சொல்வதில்லை. அன்று அபின் வலி மருந்தாகவும் விற்கப்பட்டது. வலியை நீக்காமல் மருந்தைப் பிடுங்குவது அவர் திட்டம் அல்ல.

இந்தக் கருத்தைப் புள்ளிவிவரத்தில் சோதிக்க வாய்ப்பளித்தது இந்தோனேசியா. 1997-98 நிதி நெருக்கடியில் அந்நாட்டு நாணயம் சரிந்து குடும்பங்கள் திண்டாடின. பொருளியலாளர் டேனியல் சென் அக்குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தார். நெருக்கடியில் கூடுதலாக அடிபட்ட குடும்பங்கள் குர்ஆன் ஓதும் கூட்டங்களில் கூடுதலாகச் சேர்ந்திருந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, கடன் வசதி கிடைத்த ஊர்களில் இந்த விளைவு பெருமளவு குறைந்திருந்தது. சமயக் கூட்டம் அவர்களுக்கு ஒருவகைக் காப்பீடு. இல்லாதபோது அரிசி கொடுப்பவர்கள் இருக்கும் இடம் அது.

பிப்பா நாரிஸ், ரொனால்டு இங்கிள்ஹார்ட் ஆகியோர் 2004இல் இதை உலக அளவுக்கு விரித்தார்கள். நாளை சோறு கிடைக்குமா, நோய் வந்தால் யார் பார்ப்பார்கள் என்ற கவலையோடு வளரும் தலைமுறை சமயத்தைப் பற்றிக்கொள்கிறது. ஓய்வூதியமும் மருத்துவமும் உறுதியான நாட்டில் வளரும் தலைமுறை கைவிடுகிறது என்றார்கள். சுவீடனும் டென்மார்க்கும் இதற்கு நன்றாகப் பொருந்துகின்றன. 2007 முதல் 2019 வரை ஒப்பிட்ட 49 நாடுகளில் 43 நாடுகளில் சமயப் பற்று குறைந்தது என்று இங்கிள்ஹார்ட் பின்னர் எழுதினார். எதிர்த்திசையில் போன நாடுகளில் முதன்மையானது இந்தியா. அதே காலத்தில்தான் இந்தியாவில் வருமானமும் கல்வியும் உயர்ந்தன. வளைகுடா நாடுகளின் செல்வமும் பக்தியைக் கரைக்கவில்லை. தமிழ்நாட்டில் பள்ளியும் மருத்துவமனையும் நாட்டின் பல மாநிலங்களைவிட மேலாக இருந்தும் சபரிமலைக்கு மாலை போடுவோரும் பழனிக்கு நடப்போரும் குறைந்தபாடில்லை. வறுமை ஒரு காரணம். வசதி வந்தால் சமயம் தானே உதிரும் என்ற கணிப்பு எல்லா இடத்திலும் பலிப்பதில்லை.

கூட்டத்தின் வலிமை

சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912இல் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பற்றிய குறிப்புகளைப் படித்த அவர், சிதறி வாழும் குழுக்கள் ஆண்டில் சில நாட்கள் ஒன்றுகூடி ஆடிப் பாடும்போது தனிமனிதனைவிடப் பெரிய ஏதோ ஒன்றை அனைவரும் உணர்கிறார்கள் என்றார். அந்த உணர்வு மெய்யானது. அது பிறந்த இடம் கூட்டம். மக்களோ அதற்குத் தெய்வம் என்று பெயரிடுகிறார்கள். சமூகம் தன்னைத்தானே வணங்குகிறது என்ற அவர் முடிவை ஏற்காதவர்களும், தேர் வடத்தைப் பிடித்து ஊர் மொத்தமும் ஒரே குரலில் இழுக்கும்போது உடம்பில் ஓடும் சிலிர்ப்பை மறுக்க மாட்டார்கள்.

இதை அளந்து பார்த்த களங்களில் ஒன்று தமிழர்களுடையது. கிரேக்கத்தில் பிறந்த மானிடவியலாளர் திமித்ரிஸ் சிகலாட்டாஸ், மொரீசியஸ் தீவில் தைப்பூசக் காவடியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். 2013இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், அலகு குத்திக் காவடி எடுத்தவர்களும் சாதாரணக் கூட்டு வழிபாட்டில் கலந்துகொண்டவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். யார் எவ்வளவு என்று தெரியாதபடி கோயிலுக்குக் காணிக்கை செலுத்தச் சொன்னபோது காவடிக்காரர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். வலி கூடக் கூடக் காணிக்கையும் கூடியது. அலகு குத்தாமல் உடன் நடந்துபோனவர்களும் அதேபோல் கொடுத்தார்கள். 2019இல் வந்த அடுத்த ஆய்வு, நாள்பட்ட நோயுள்ளவர்களும் வசதி குறைந்தவர்களும் கடினமான காவடியைத் தேர்ந்தார்கள் என்றும், கடும் வலியை ஏற்றவர்கள் பின்னர் மனநலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள் என்றும் கண்டது. துன்பத்தில் வந்தவரைத் தெரு முழுதும் கூட நடந்து சுமக்கும் ஏற்பாடு காவடி.

கடினமான நெறிகள் ஆட்களை விரட்டாமல் ஏன் சேர்த்துப் பிடிக்கின்றன என்பதற்கு ரிச்சர்ட் சோசிஸ் விடை தந்தார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய 83 கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை அவர் ஒப்பிட்டார். சமய அடிப்படையில் அமைந்தவை சமயம் சாராதவற்றைவிட நீண்ட காலம் நீடித்தன. உணவு, உடை, உடைமை ஆகியவற்றில் கட்டுப்பாடு கூடுதலாக இருந்த சமயக் குடியிருப்புகள் இன்னும் நீடித்தன. விரதம் இருப்பவன் ஏமாற்றுக்காரனாக இருக்க மாட்டான் என்ற நம்பிக்கை அங்கே ஒருவரையொருவர் பிணைக்கிறது.

மதம் மாறுகிறவர்கள் கோட்பாட்டை எடைபோட்டு மாறுகிறார்கள் என்ற எண்ணத்தையும் களஆய்வு உடைத்திருக்கிறது. ஜான் லோஃப்லாண்ட், ரோட்னி ஸ்டார்க் இருவரும் 1960களின் தொடக்கத்தில், பின்னாளில் கொரியாவின் சன் மியுங் மூனின் இயக்கமாக உலகம் அறிந்த சிறு குழுவை அமெரிக்காவில் பின்தொடர்ந்தார்கள். பொதுக்கூட்டத்துக்கு வந்து கேட்டவர்கள் பெரும்பாலும் கலைந்துபோனார்கள். உறுப்பினர்களோடு நட்போ உறவோ வைத்திருந்து, வெளியே உறவுகள் தளர்ந்திருந்தவர்களே சேர்ந்தார்கள். கோட்பாட்டைச் சேர்ந்த பிறகுதான் கற்றார்கள்.

பிறப்பும் பழக்கமும்

பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட அறிக்கைக்காக இந்தியாவில் சுமார் 30,000 பேரிடம் பேசியது. 97 விழுக்காட்டினர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் தாங்கள் வளர்ந்த சமயத்திலேயே இருந்தார்கள். மதமாற்றம் பற்றி நாட்டில் எழும் கூச்சலுக்கும் இந்தக் கணக்குக்கும் பொருத்தமே இல்லை. மிகப் பெரும்பாலானவர்கள் சமயத்தை நாடிப் போகவில்லை. அதற்குள்ளே கண் திறந்தார்கள்.

ஆனால் பிறந்தது மட்டும் போதாது. ஜோசப் ஹென்ரிக் 2009இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் அப்படியே நம்புவதில்லை. அவர்கள் நம்பிக்கைக்காக எதைச் செலவிடுகிறார்கள் என்று பார்க்கிறார்கள். நாற்பத்தொரு நாள் தரையில் படுத்து, செருப்பில்லாமல் நடந்து, புலால் விட்டு விரதம் இருக்கும் தகப்பனைப் பார்க்கும் மகனுக்கு ஐயப்பன் மெய். வேதாளத்துக்கு அப்படி விரதம் இருப்பவரை அவன் பார்த்ததில்லை. இந்தச் செயல் நின்றால் நம்பிக்கையும் அடுத்த தலைமுறையில் மெலிகிறது. பிரிட்டனில் டேவிட் வோஸ் செய்த ஆய்வு, பெற்றோர் இருவரும் பற்றுள்ளவர்களாக இருந்தால் பிள்ளைக்கு அது போய்ச் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதி என்றும், ஒருவர் மட்டும் பற்றுள்ளவர் என்றால் அதிலும் பாதி என்றும் காட்டியது. அங்கே யாரும் வாதத்தில் தோற்று நாத்திகர் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா எழுந்து போவதை நிறுத்தினார். மகன் போகவே தொடங்கவில்லை.

மானம்

மேலை ஆய்வுகள் போதிய அளவு பேசாத காரணம் மானம். தமிழகத்தின் சமய வரலாற்றை இது இல்லாமல் எழுத முடியாது. 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் ஊர் ஊராகக் கிறித்தவம் தழுவியபோது அது போட்டியாளரிடமிருந்தும் அதிகாரத்திடமிருந்தும் காப்புத் தேடிய ஒரு சமூகத்தின் கூட்டு முடிவு. பிரான்சிஸ் சேவியர் 1542இல் வந்து கற்பிக்கும் முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. 1898இல் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கம் கண்டபோது, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒரு பழைய, மேலான வரலாற்றை மீட்டுத் தர முயன்றார். 1981இல் அன்றைய திருநெல்வேலி மாவட்ட மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தில் சேர்ந்தபோது நாடே அதிர்ந்தது. பணத்துக்காக என்று பேசியவர்கள், சாதி அந்த ஊரில் எப்படி நடந்துகொண்டது என்று கேட்க மறந்தார்கள்.

இவற்றில் மிக ஆழமாக யோசிக்கப்பட்டது அம்பேத்கரின் முடிவு. இந்துவாகச் சாக மாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்தவர், இருபத்தொரு ஆண்டுகள் படித்தும் எடைபோட்டும் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். அவர் தேர்ந்தது படைப்புக் கடவுளே இல்லாத சமயம். அச்சமோ சாவுக்குப் பிந்தைய வாழ்வோ அவரை அங்கே கொண்டுசெல்லவில்லை. சமத்துவத்துக்குச் சட்டம் மட்டும் போதாது, ஒருவரையொருவர் சகோதரராக மதிக்கும் அறநெறி வேண்டும் என்பதே அவர் தேடல்.

மதம் மாறாமலும் மானம் தேடலாம். மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் சென்று தாங்களே பூசை செய்யலாம், மாதவிலக்கு தடையில்லை என்ற நிலை, சிவப்புச் சேலை உடுத்திய பெண்களை லட்சக்கணக்கில் அங்கே ஈர்த்தது. ஊர்க் கோயில் தள்ளி நிற்கச் சொன்னவர்களை இந்தக் கோயில் உள்ளே கூப்பிட்டது.

மானத்துக்கு மறுபக்கமும் உண்டு. அடையாளமாகிவிட்ட சமயம் வழிபாடு இல்லாமலே வளரும். ரஷ்யாவில் தம்மை ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் என்று சொன்னவர்கள் 1991இல் 31 விழுக்காடு. 2008இல் 72 விழுக்காடு. மாதம் ஒருமுறையாவது தேவாலயம் சென்றவர்கள் அதே காலத்தில் 2 விழுக்காட்டிலிருந்து 7ஐத்தான் எட்டினார்கள். சிதறிய நாட்டுக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. அந்த முகவரி எப்போது அடுத்தவரை விரட்டும் ஆயுதமாகிறது என்பதை நம் நாட்டு அரசியலும் காட்டிக்கொண்டிருக்கிறது.

அனுபவம்

கீதையின் நான்காமவரான ஞானியை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஓரங்கட்டிவிடுகிறார்கள். விதிவிலக்கு உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகளைத் தொகுத்து 1902இல் வெளியிட்ட நூலில் அவர் கோயிலையும் கோட்பாட்டையும் விட்டுவிட்டுத் தனிமனிதரின் அனுபவங்களை எடுத்துக்கொண்டார். ஓர் அனுபவத்தின் வேர் நரம்பிலோ நோயிலோ இருக்கலாம். அது தந்த கனியைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்றார்.

1896 ஜூலையில் மதுரையில் பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. உடல் சாகும்போது சாவது யார் என்று படுத்தபடியே விசாரித்தான். பயம் அற்றது. சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் போனவன் ரமணரானான். அச்சம் அங்கே வாசல். அதைத் தாண்டிப் போன இடம் வேறு. ஆனால் அதற்கு முன்பே அவன் பெரியபுராணம் படித்து உருகியிருந்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனுபவம் தனியாக வந்தாலும் அது பேசும் மொழியை ஊரும் நூலும்தான் கொடுக்கின்றன. பழனியில் முருகனாகத் தோன்றுவது வேளாங்கண்ணியில் மாதாவாகத் தோன்றுகிறது.

ஆய்வுகளின் வரம்பு

இந்தத் துறையில் எல்லா முடிவுகளும் ஒரே உறுதி கொண்டவை அல்ல. ரோடனின் 'சிந்தனையாளர்' சிலையின் படத்தைப் பார்த்தவர்களின் கடவுள் நம்பிக்கை குறைந்தது என்று 2012இல் 'சயின்ஸ்' இதழில் வந்த சோதனை பரவலாகப் பேசப்பட்டது. பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்த விளைவு காணப்படவில்லை. பெரிய அரசுகள் தோன்றிய பிறகே ஒழுக்கம் காக்கும் கடவுளர் தோன்றினார்கள் என்று 2019இல் 'நேச்சர்' வெளியிட்ட கட்டுரை, தரவுகளைக் கையாண்ட விதத்தில் எழுந்த விமர்சனத்தால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. சிந்தித்தால் நம்பிக்கை போகும், கடவுள் பயத்தால் அரசு வளர்ந்தது போன்ற எளிய வாய்பாடுகளை ஐயத்தோடு அணுகுவது நல்லது.

பூசாரிகள் பிழைப்புக்காகச் சமயத்தைக் கண்டுபிடித்தார்கள் என்ற விளக்கம் நம் மண்ணில் லோகாயதர் காலத்திலிருந்தே உண்டு. யார் பயனடைகிறார்கள் என்பதை அது சரியாகவே சுட்டுகிறது. கேட்பவர் ஏன் ஏற்கிறார் என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் ஏன் நம்புகிறார் என்பதை விளக்கிவிட்டதால் அவர் நம்புவது பொய்யென்று ஆகாது. நம்புவோர் பலர் என்பதால் மெய்யென்றும் ஆகாது. கடவுள் உண்டா என்பது வேறு கேள்வி. அதை இந்த ஆய்வுகள் எதுவும் தீர்க்கவில்லை.

தொகுத்துப் பார்த்தால்

ஒரே கேள்வியாகத் தோன்றுவதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தெய்வம் என்ற எண்ணம் ஏன் மனத்தில் எளிதாக ஊன்றுகிறது? ஒருவர் குறிப்பிட்ட நேரத்தில் ஏன் அதை நாடுகிறார்? நாடியவர் ஏன் அங்கேயே தங்குகிறார்? முதலாவதற்கு மனத்தின் இயல்பு விடை. இரண்டாவதற்குத் துன்பமும் வறுமையும் அவமானமும் விடை. மூன்றாவதற்கு மனிதர்கள்தான் விடை: வளர்த்தவர்கள், உடன் நடந்தவர்கள், தம் நம்பிக்கைக்காகத் தம்மை வருத்திக்கொண்டு காட்டியவர்கள். ஹியூமும் மார்க்ஸும் ஃப்ராய்டும் இரண்டாவதற்கு விடை சொல்லி மூன்றையும் தீர்த்ததாக நினைத்தார்கள்.

சேக்கிழார் சொல்லும் திருநாவுக்கரசர் வரலாற்றில் பின்னிரண்டும் பொருந்தி வருகின்றன. தமிழ்நாட்டுப் பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்ற பெயரோடு சமண மடத்தில் தலைமை பெற்றிருந்தவரைச் சூலை நோய் வாட்டியது. மடத்தில் செய்த எதுவும் பலிக்கவில்லை. அவர் எழுந்து போனது தத்துவ விசாரணைக்கு அன்று. திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம். கோயிலுக்கு அழைத்துப்போனவர் அவர். நோய் புறப்பட வைத்தது; அக்கா இருந்த இடம் வழியைத் தீர்மானித்தது.

இதிலிருந்து நம்பிக்கையாளருக்கும் பகுத்தறிவாளருக்கும் சொல்ல ஒவ்வொன்று இருக்கிறது. கோயிலில் கூட்டம் பெருகுவதைக் கடவுளின் வெற்றியாகக் கொண்டாடுவோர், மருத்துவச் செலவில் மூழ்கிய குடும்பங்களும் தனிமையில் விடப்பட்ட முதியவர்களும் அந்தக் கூட்டத்தில் எவ்வளவு பேர் என்று பார்க்கட்டும். வாதத்தால் நம்பிக்கையை வெல்ல நினைப்போர் பெரியாரின் இயக்கத்திலிருந்தே பாடம் எடுக்கலாம். அது ஆழ வேரூன்றிய இடங்களில் ஒன்று சுயமரியாதைத் திருமணம். 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதற்கு ஏற்பும் தந்தது. அங்கே சடங்கை மறுத்ததோடு நிற்காமல், உறவுகள் கூடி வாழ்த்தும் வேறொரு நிகழ்ச்சியை அந்த இயக்கம் கொடுத்தது. சாவு வீட்டுக்கும் நோய்ப் படுக்கைக்கும் மகன் காணாமல் போன தாய்க்கும் அதே அளவு உறுதியான ஒன்றை அதனால் கொடுக்க முடியவில்லை. அங்கெல்லாம் கோயிலும் ஜெபக்கூட்டமும் தர்காவும்தான் முதலில் போய் நிற்கின்றன.

உங்கள் வீட்டில் ஒருவர் திடீரென்று பக்தியில் மூழ்கினால், அல்லது நேற்றுவரை இருந்த பக்தியை விட்டுவிட்டால், கடவுள் உண்டா இல்லையா என்று அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவருக்கு என்ன நேர்ந்தது, அப்போது யார் அவர் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் அந்த இரண்டு பதில்களில் இருக்கும்.